கால் படாத உதை

போன மாதம் என் தம்பி மகன் போனில் எதையோ பார்த்துக்கொண்டே வந்து, "ஏனுங்கத்தை, அந்த ஹாங்காங் நடிகரு நெசமாவே சண்டைக்காரருங்களா, இல்ல படத்துக்கு மட்டுந்தானுங்களா?" என்று கேட்டான். கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. மரியாதைக்கும் குறைச்சல் இல்லை. ஆனால் எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. "எவன்டா அப்படிச் சொன்னது?" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? அவனுடைய அப்பனுக்குக் காது குத்திய அன்றைக்கு ஆரம்பித்த சண்டை அது. எனக்குள் இன்னும் முடியவில்லை.

அந்த நடிகரின் பெயரை நான் சின்ன வயதில் சொன்னதே இல்லை. சீனத்து அண்ணன் என்றுதான் சொல்வேன். எங்கள் பக்கத்தில் முறை வைக்காமல் ஒருவரைக் கூப்பிட்டால் முதுகில் ஒன்று விழும். பால்காரர் அண்ணன், பஸ் கண்டக்டர் மாமா, பள்ளிக்கூட வாசலில் கொய்யாப்பழம் விற்பவர் அத்தை. வாலை ஆட்டிக்கொண்டு வழியில் நிற்கும் கன்றுக்குட்டியைக்கூட "சித்தெ தள்ளிப் போங்க" என்று சொல்கிற ஊரில், சட்டையில்லாமல் போஸ்டரில் நிற்கிறார் என்பதற்காக ஒரு மனிதரை வெறும் பெயரால் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

போஸ்டர் ஒட்டியிருந்தது மாமாவின் அறைக் கதவில். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பீளமேட்டில் ஒரு மில்லில் வேலை செய்துகொண்டு எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். ஷிப்ட் முடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த கராத்தே வகுப்புக்குப் போய்விடுவார். அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு கராத்தே வகுப்பு இருந்தது. படம் பார்த்த சூட்டில் சேர்ந்தவர்கள் முட்டி வீங்கியதும் நின்றுவிடுவார்கள். மாமா நிற்கவில்லை. என் உச்சந்தலையில் தீப்பெட்டியை நிறுத்திவைத்து, ஒரு முடி கலையாமல் அதை மட்டும் காலால் தட்டிவிடுவார். அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள். நான் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டேன்.

"சீனத்து அண்ணனும் இப்படித்தான் அடிப்பாருங்களா மாமா?"

"அவரு அடிச்சா அடிச்சது தீப்பெட்டிக்கே தெரியாது கண்ணு."

பள்ளி திறந்ததும் என்னையும் வகுப்பில் சேர்த்துவிடுவதாக மாமா சொல்லியிருந்தார். நான் அப்போது நாலாவது முடித்திருந்தேன். மில் துணியில் வெள்ளைச் சட்டையும் தொளதொள பேண்டும்கூடத் தைத்துவந்துவிட்டார். டிரங்குப் பெட்டியில் இருந்த அதைத் தினமும் ஒருதடவை எடுத்து மோந்து பார்ப்பேன். பாக்கியிருந்தது ஒன்றே ஒன்று, பெரியப்பாவின் சம்மதம். அப்பா எதையும் தன் அண்ணனிடம் கேட்காமல் செய்ய மாட்டார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க எந்த நிறம் என்பதைக்கூட வெள்ளகோவிலுக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வந்தவர். "தம்பிக்குக் காதுகுத்துக்குப் போறமில்ல அம்மணி, அப்பப் பெரியப்பன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்றார்.

பெரியப்பாவின் தோட்டம் வெள்ளகோவிலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. விசேஷத்துக்கு முதல் நாளே போய்விட்டோம். நாங்கள் போய் இறங்கிய நேரம், கட்டுத்தரையில் காளைக்கு லாடம் கட்டப் போராடிக்கொண்டிருந்தார்கள். காளையைப் படுக்கவைத்தால்தான் லாடம் அடிக்க முடியும். அதுவோ எவரையும் கிட்டத்தில் விடவில்லை. அப்போது ஒல்லியான, நரைத்த தலைக்காரர் ஒருவர் வந்தார். காளையின் கால்களுக்கிடையில் ஒரு கயிற்றை எப்படியோ விட்டு வாங்கி, ஒரு சுண்டு சுண்டினார். அவ்வளவு பெரிய காளை, மத்தியானத் தூக்கத்துக்குப் படுப்பதைப் போல மெதுவாகச் சரிந்து படுத்துவிட்டது. நான் கைதட்டிவிட்டேன்.

"நீங்க கராத்தே படிச்சிருக்கீங்களா?" என்று ஓடிப்போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். என்னைவிடச் சின்னவனான பெரியப்பா மகன்தான் பதில் சொன்னான்: "அவன் மாரன், எங்க பண்ணையாளு. அவனுக்கென்ன வாங்க போங்க?" நான் அம்மாவிடம் போய், அவரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று கேட்டேன். அம்மா என் வாயில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்து, "ஒண்ணும் கூப்பிட வேண்டாம். சும்மா இரு" என்றாள். முறையே இல்லாத ஒரு மனிதரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள் என்பதால் அன்றைக்கு மாமாவுக்குத்தான் ராஜமரியாதை. புது வேட்டி, தோளில் துண்டு, கழுத்தில் ரோஜா மாலை. தம்பி ஊரைக் கூட்டி அழுதான். பந்தி முடிந்தது. அடுத்ததாக டெக். அப்போதெல்லாம் விசேஷ வீடு என்றால் டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுப்பது சாப்பாட்டுக்கு அடுத்த முக்கியமான ஏற்பாடு. ஜன்னல்களில் ஜமுக்காளத்தைக் கட்டி வீட்டை இருட்டாக்கினார்கள். முதலில் ஒரு சாமி படம் ஓடியது. அடுத்ததாக, மாமா செய்தித்தாளில் சுற்றிக் கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்திருந்த கேசட். எங்கள் சீனத்து அண்ணன் படம்!

முதல் வரிசையில் நான். படம் முழுக்க யாரோ அவரைச் சீண்டிக்கொண்டே இருந்தார்கள், அவர் பொறுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுமை போய், எதிரில் பத்துப் பேர் வர, மனிதர் எம்பி ஒரு கால் நீட்டினார். கரண்ட் போய்விட்டது.

அந்தக் கால் யார் மேல் விழுந்தது என்று தெரியாமல் நான் தவித்தேன். எல்லோரும் விசிறிக்கொண்டே வாசலுக்கு வந்தார்கள். பெரியப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எதிரே மாமா நின்றிருந்தார். அப்பா இதுதான் சமயம் என்று, "அண்ணா, புள்ள கராத்தே படிக்கோணும்ங்குது" என்று இழுத்தார்.

பெரியப்பா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"இதப் பாத்துப்போட்டா? மேல கவுறு கட்டி இழுக்கறான், இவன் பறக்கறான். இவனெல்லாம் ஒரு சண்டைக்காரனா?"

"கவுறு இல்லீங்க பெரியப்பா" என்றேன். "தெனமும் பழகுவாருங்க. மாமா சொன்னாங்க."

"என்னத்தப் பழகறது? எதுக்க நிக்கறவன் அத்தன பேரும் சம்பளத்துக்குத் தொப்புனு உழுகறவன். சம்பளம் வாங்கறவன் உழுகாம வேறென்ன பண்ணுவான்? என்ற தோட்டத்துல ஒரு ஆளு முன்னால நிக்கச் சொல்லு அந்தச் சீனாக்காரன, பாக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். செத்துப்போன மனிதர், கடல் தாண்டிப் பிறந்தவர், வந்து தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல முடியாதவர். அவரை ஒரு வயிறு நிறைந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு இப்படிப் பேசுகிறார், தட்டிக்கேட்க ஆள் இல்லை. நான் மாமாவைப் பார்த்தேன்.

"அவரு நெசமான ஆளுதாங்க மச்சான்" என்றார் மாமா, தன்மையாகத்தான்.

"அப்படியா? நீயும் அதத்தான படிக்கற? செரி, செஞ்சு காட்டு. நல்லா இருந்துச்சுன்னா புள்ளைய அனுப்பச் சொல்றேன்." பெரியப்பா கட்டுத்தரைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "டேய் மாரா!"

மாரன் விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து தூரமாக நின்றார். பந்தி முடிந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. அவர் இன்னும் சாப்பிடவில்லை. வந்தவர் போனவர் எல்லோரும் எழுந்து, கடைசி அண்டா கழுவும் முன் மிஞ்சுவதை வாங்கிப் போகிறவர்களில் அவர் ஒருவர். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு அதெல்லாம் என் கண்ணில் படவில்லை. காளையைச் சாய்த்தவர் வருகிறார், இவரைச் சாய்த்துவிட்டால் சீனத்து அண்ணனுடைய மானம் பிழைத்தது, என் வெள்ளைச் சட்டையும் பிழைத்தது என்பதுதான் என் கணக்கு.

"இவரு உன்னைய ஒதைப்பாரு. நீ உழுகாம நின்னாப் போதும்" என்றார் பெரியப்பா. "கையக் கிய்ய நீட்டிப்போடாத. ஊட்டுக்கு வந்த மாப்ள."

"ஆகட்டுங்க சாமி."

மாமா அசையவில்லை. "அப்படின்னா அது சண்ட இல்லீங்களே மச்சான். அவரும் என்னைய அடிக்கோணும்."

விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. பெண்கள் பக்கத்தில் பேச்சு அடங்கியது. "அவன் உன்னைய அடிக்கறதா?" என்றார் பெரியப்பா. மாமா ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டதைப் போல இருந்தது அந்தக் கேள்வி.

"அப்ப வேண்டாங்க."

"பயந்துக்கிட்டான்" என்று பெரியப்பா எல்லோரையும் பார்த்துக் கண்ணடித்தார். "இவன்தான் பொட்டப்புள்ளைக்குச் சண்ட சொல்லித்தரப் போறானாமா."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் கொடுத்த வீட்டுக்காரன், தம்பிக்காரன், விசேஷத்தன்று நடுவாசலில் இப்படிப் பேச்சு வாங்குவதை அவள் எப்படித் தாங்கினாளோ. எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, ஒதைங்க! ஒதைங்க மாமா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மாமா மாலையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாரன் எதிரில் போய் நின்றார். நான் பக்கத்திலேயே இருந்ததால் அவர் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது: "படாதுங்க. பயப்படாம நில்லுங்க."

கால் எழுந்ததை நான் பார்க்கவே இல்லை. அது நின்ற இடத்தைத்தான் பார்த்தேன். மாரனின் நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி, அந்தரத்தில், ஆடாமல் அசையாமல் நின்றது. போஸ்டரில் சீனத்து அண்ணன் நிற்கும் அதே நிலை! நான் வாயைத் திறப்பதற்குள் மாரன் தடாலென்று மல்லாக்க விழுந்தார். வாசல் புழுதி எழும்பியது.

ஒரே விசில். சின்னப் பையன்கள் குதித்தார்கள். பெரியப்பாவே நாற்காலியில் நிமிர்ந்து, "அட, உழுத்திப்போட்டானே! மாப்ள, கெட்டிக்காரன்தான்யா" என்றார். அப்பாவைப் பார்த்து, "புள்ளைய அனுப்புடா, கத்துக்கட்டும்" என்றார். பெரியப்பாவை அநியாயமாகத் திட்டவும் முடியாது. தோற்றுவிட்டால் தோற்றேன் என்று சொல்கிற பெருந்தன்மை அவரிடம் உண்டு, விழுவது வேறு யாராவதாக இருக்கும் வரைக்கும். எனக்கு அதெல்லாம் எதற்கு? டிரங்குப் பெட்டியின் பூட்டு திறக்கும் சத்தம் எனக்குக் காதில் கேட்டது.

மாமா காலைக் கீழே வைத்தார். முகம் கறுத்திருந்தது.

"என்ற கால் அவரு மேல படலீங்க மச்சான்" என்றார்.

கேட்காத கேள்விக்கு இப்படி ஒரு பதில்! எனக்கு அவருடைய வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது. பெரியப்பாவுக்குப் புரியவில்லை. மாரனிடம் கேட்டார்: "படலையா? அப்ப ஏன்டா உழுந்த?"

மாரன் உட்கார்ந்த வாக்கிலேயே தலையைச் சொறிந்தார். "காத்து தள்ளிப்போட்டுதுங்க சாமி."

மறுபடியும் சிரிப்பு. நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. காற்று! கால் படாமலேயே அந்தக் காற்றால் ஆளைச் சாய்ப்பது! சீனத்து அண்ணன்கூடப் படத்தில் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

மாமா குனிந்து மாரனிடம் கையை நீட்டினார். "எந்திரிங்கண்ணா."

சிரிப்பு பாதியில் நின்றது. மாரன் அந்தக் கையைத் தொடவில்லை. பதறிப்போய்த் தானாக எழுந்து, இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். பெரியப்பாவின் முகத்திலிருந்த பெருந்தன்மை எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"அப்ப எல்லாம் ஏமாத்துன்னு நீயே ஒத்துக்கற" என்றார். "உன்ற படத்துல உழுகறானுகளே, அவனுகளும் இப்படித்தான் உழுகறானுக."

"இல்லீங்க மச்சான்" என்றார் மாமா. "அங்க உழுகறவனுக்குத் தனியாச் சம்பளம் குடுக்கறாங்க."

அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெரியப்பா எழுந்து உள்ளே போகும்போது, திரும்பிப் பார்க்காமல், "இந்த ஊட்டுப் புள்ள எந்தக் கராத்தேக்கும் போகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். "செரிங்கண்ணா" என்றார் அப்பா. அவ்வளவுதான். என் சீனத்து அண்ணனை விசாரித்த வழக்கு, நான் ஜெயித்த பிறகு தோற்றது.

கரண்ட் வந்தது. படத்தை மறுபடி போடச் சொல்ல எவருக்கும் தைரியமில்லை. மாமா கேசட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, தாய்மாமனுக்குக் கட்டிவைத்திருந்த பலகாரத்தைக்கூட வாங்காமல் பஸ்ஸுக்கு நடந்தார். தாய்மாமன் பொழுது சாயும் முன்பே போய்விட்டான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அம்மா அழுதாள். மாரனைத் தேடினேன். அவர் மறுபடியும் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

பீளமேட்டுக்குத் திரும்பிய பிறகு நான் மாமாவோடு பேசவே இல்லை. பேசாமலிருப்பதுடன் நிறுத்தவில்லை. அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னால் டம்ளரை டக்கென்று வைத்துவிட்டு வருவேன். அந்த வெள்ளைச் சட்டையை அம்மா பிரித்து எனக்கே உள்பாவாடை தைத்துவிட்டாள். தொளதொள பேண்டு இட்லித் துணியாயிற்று. ஒவ்வொரு வாரமும் என் கராத்தேயில் இட்லி வெந்தது. பள்ளியில் மட்டும் நான் தோற்கவில்லை. எங்கள் மாமா கால் படாமலேயே, வெறும் காற்றால், காளையைச் சாய்க்கிற ஓர் ஆளைச் சாய்த்தார், அது சீனத்து அண்ணனுடைய ரகசிய வித்தை என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். நம்பாதவர்களோடு கா விட்டேன்.

ஒருநாள் மாமா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னறை வாசலில் நின்றார். சமாதானத்துக்கு வந்திருந்தார். நான் அதைத் தட்டிவிட்டேன். குச்சிகளெல்லாம் சிதறின.

"எதுக்கு மாமா சொன்னீங்க? நீங்கதான செயிச்சீங்க? சும்மா இருந்திருந்தா என்னங்க?"

அவர் உட்கார்ந்து குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கோபிக்கவில்லை.

"அவரு என்னைய ஒரு அடி திருப்பி அடிச்சிருந்தாருன்னா, செயிச்சேன்னு ஒத்துக்கிட்டிருப்பேன் கண்ணு."

எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. அடி வாங்காமல் இருப்பதற்குத்தானே கராத்தே? அடி வாங்கினால்தான் ஜெயித்ததாகும் என்கிறவர் மைதானத்தில் இத்தனை நாள் என்னதான் படித்தாரோ? தன் காலில் அப்படியொரு காற்று இருப்பது அவருக்கே தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான், அதை நெஞ்சில் வாங்கியவர். அடுத்த விசேஷத்துக்கு வெள்ளகோவில் போகும்போது, அம்மா என்ன சொன்னாலும் சரி, நேராகக் கட்டுத்தரைக்குப் போய், அந்தக் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று மாரனிடமே கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.